சளி பிடித்தால் ரசம் என்ன செய்யும், என்ன செய்யாது

சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது. இரவில்கூட வெப்பநிலை 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஆனாலும் சளிக்கு ஓய்வு மாதம் என்று இங்கே ஒன்றும் இல்லை. பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்து முதல் வருடத்தைக் கடந்த எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒருவருக்கு மூக்கு ஒழுகி நிற்பதற்குள் வீட்டில் அடுத்தவருக்குத் தொண்டை கரகரக்க ஆரம்பித்துவிடும், அது முடிவதற்குள் பிள்ளை அடுத்ததைக் கொண்டுவந்திருக்கும். பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, சிறு பிள்ளைகளுக்கு ஆறு எட்டு முறை, பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே வரலாம். இதுதான் சளியின் வழக்கமான கணக்கு. இதை வைத்து ‘என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சளி வந்ததும் நம் வீடுகளில் இரண்டு குரல் கேட்கும். ‘மிளகு ரசம் வைத்துக் குடி, ஆவி பிடி, தைலம் தடவிப் படு, ஓடிப்போகும்’ என்பது ஒன்று. ‘அதெல்லாம் பழைய கதை, டாக்டரைப் பார்த்து ஸ்ட்ராங்கா ஏதாவது வாங்கு’ என்பது இன்னொன்று. சளியைக் குணமாக்கும் பொருள் ஏதோ ஒன்று எங்கேயோ இருக்கிறது, அடுப்படியிலோ மருந்துக்கடையிலோ, என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். அப்படி ஒன்று இதுவரை இல்லை. ஆனால் சளி கொடுக்கும் அவதியைக் குறைக்க நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதி நம் சமையலறையிலேயே கிடைக்கும். எது எந்த அவதிக்கு உதவும், எதற்கு உதவாது, எங்கே ஆபத்து என்று தெரிந்துகொண்டால் கைவைத்தியத்தை நம்பிக்கையோடு செய்யலாம். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கு மேல் உண்டு. அவற்றில் பெரிய கூட்டம் ரைனோ வைரஸ். 1950களில் கண்டுபிடிக்கப்பட்டது, ஏ, பி, சி என்று மூன்று இனம், அவற்றுக்குள் 160க்கும் அதிகமான வகைகள். சி இனம் இருப்பதே 2006ல்தான் தெரியவந்தது. இவை போக ஆர்எஸ்வி, பாராஇன்புளுவென்சா, அடினோ வைரஸ், அப்புறம் கோவிட் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கும் நான்கு கொரோனா வைரஸ்கள். ஒரு வகை ரைனோ வைரஸ் வந்துபோனால் அந்த வகையை எதிர்க்க உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் அடுத்த வகை வரும்போது அந்தப் பழக்கம் அவ்வளவாக உதவாது. சளிக்கு ஏன் இன்னும் தடுப்பூசி இல்லை, அறுபது வயதிலும் ஏன் சளி பிடிக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான். இங்கிலாந்தில் சால்ஸ்பரி அருகே 1946ல் சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கி, தொண்டூழியர்களை அழைத்துவந்து மூக்கில் வைரஸைச் சொட்டுவிட்டு, 40 வருடத்துக்கு மேல் ஆராய்ந்தார்கள். சளியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் நிறைய அங்கே கிடைத்ததுதான். குணமாக்கும் மருந்து மட்டும் கிடைக்கவில்லை, 1990ல் நிலையம் மூடப்பட்டது.

கைவைத்தியம் ஏன் சுகம் தருகிறது என்று புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ரைனோ வைரஸ் மூக்கின் உட்சுவரில் பெரிய நாசம் எதுவும் செய்வதில்லை, அது தொற்றும் செல்களும் கொஞ்சம்தான். தொண்டை எரிவது, மூக்கு அடைப்பது, நீராக ஒழுகுவது, தலை கனப்பது எல்லாம் பெரும்பாலும் வைரஸை எதிர்க்க நம் உடம்பு சுரக்கும் ரசாயனங்களின் வேலை. பிராடிகைனின் என்று ஒன்று இருக்கிறது. சளியே இல்லாதவர்களின் மூக்கில் அதைத் தெளித்துப் பார்த்தபோது அவர்களுக்கும் தொண்டை வலியும் மூக்கடைப்பும் வந்தன. மூக்கடைப்பு என்பது கோழை அடைத்துக்கொள்வது மட்டும் இல்லை, மூக்குக்குள் இருக்கும் இரத்த நாளங்கள் புடைத்து வழியைக் குறுக்கிவிடுகின்றன, அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு போவதில்லை, படுத்தால் இன்னும் கூடுகிறது. ஆக, வைரஸைத் தொடவே தொடாத ஒரு பொருள்கூட இந்த வறட்சியையும் எரிச்சலையும் தணித்தால் நமக்கு நிஜமான சுகம் கிடைக்கும். அந்தச் சுகத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

சளிக்கு ஒரு நடை உண்டு. வைரஸ் நுழைந்து அரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தொண்டையில் ஒரு உறுத்தல் தொடங்கும். அடுத்து தும்மல், ஒழுகல். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், பிறருக்கு அதிகம் ஒட்டுவதும் இந்தச் சமயத்தில்தான். பிறகு ஒழுகல் கெட்டியாகி, 7 முதல் 10 நாளில் அடங்கும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். இந்த நடை மனதில் இருந்தால் நாம் ஏமாற மாட்டோம். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் எதையாவது சாப்பிடுகிறோம், நான்காம் நாள் தானாகக் குறைய ஆரம்பிக்கிறது, நேற்றுச் சாப்பிட்டதுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கஷாயத்துக்கும் அப்படித்தான், ஆன்டிபயாடிக்குக்கும் அப்படித்தான்.

ஆன்டிபயாடிக் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ‘கிருமி உள்ளே போய்விட்டது, ஆன்டிபயாடிக் போட்டால்தான் போகும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பச்சை, வைரஸை எதிர்க்க வந்த வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். இரும்புச்சத்து கொண்ட அந்த நொதி இயல்பாகவே பச்சை. சாதாரண சளியிலும் நாலைந்து நாள் கழித்து இப்படி நிறம் மாறும், அதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸிடம் அதற்கு வேலையே இல்லை, வயிற்றுப்போக்கோ ஒவ்வாமையோதான் மிச்சம், கூடவே நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்கு மசியாமல் போகப் பழகிக்கொள்கின்றன. இந்த ஆபத்துக்கென்றே சிங்கப்பூர் 2017ல் ஒரு தேசியச் செயல்திட்டம் வகுத்தது. இங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க முடியாது, நல்லது. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு அட்டை வாங்கிவந்து டிராயரில் வைத்துக்கொண்டு, சளி வரும்போதெல்லாம் இரண்டு மூன்று மாத்திரை போட்டுப் பாதியில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா? அம்மாக்கள் ஆயிரம் முறை சொன்னது, டாக்டர்கள் ஆயிரம் முறை மறுத்தது. சால்ஸ்பரியில் ஆட்களைக் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்று வீசும் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் நிற்கவைத்து, ஈரக் காலுறையோடு நடமாடவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் சளி பிடிக்கவில்லை. வைரஸ் இல்லாமல் சளி இல்லை என்பது அப்போதே உறுதியானது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2005ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரோனால்ட் எக்கிள்ஸும் அவருடைய குழுவினரும் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்தார்கள், வேறு 90 பேர் காலியான பாத்திரத்தில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 13 பேர், இரண்டாவதில் 5 பேர். எக்கிள்ஸின் விளக்கம், உடம்பு குளிரும்போது மூக்கின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன, ஏற்கெனவே சத்தமில்லாமல் உள்ளே இருந்த வைரஸுக்கு அப்போது கை ஓங்குகிறது என்பது. 2015ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளின் சுவாசப்பாதைச் செல்களில் செய்த ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. 37 டிகிரியைவிட 33 டிகிரியில், அதாவது மூக்குக்குள் இருக்கும் குளிர்ச்சியில், ரைனோ வைரஸ் நன்றாகப் பெருகியது, காரணம் அந்தச் சூட்டில் செல்களின் எதிர்ப்பு மந்தமாக இருந்தது. அதனால் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டு ஏர்கான் போட்ட பேருந்தில் ஏறி, ஏர்கான் போட்ட அலுவலகத்தில் ஈரச் சட்டையோடு உட்காரும் பிள்ளையைப் பார்த்து அம்மா பதறுவதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, ஆனால் சளியைக் கொண்டுவந்தது மழை என்றும் சொல்ல முடியாது.

கொண்டுவருவது மனிதர்கள்தான். கை வழியாகப் போகிறதா, காற்று வழியாகப் போகிறதா என்று ரொம்ப நாள் வாதம் நடந்தது. 1987ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இதற்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். சளி பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து மணிக்கணக்காகச் சீட்டு விளையாடச் சொன்னார்கள், சிலருக்கு முகத்தைத் தொடவே முடியாதபடி கழுத்திலோ கையிலோ தடுப்பு மாட்டினார்கள். தடுப்பு மாட்டியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சளி தொற்றியது. ஆக, காற்று வழி உண்டு. கையில் ஒட்டிய வைரஸ் மூக்குக்கும் கண்ணுக்கும் போனால் தொற்றும் என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆக அந்த வழியும் உண்டு. கோவிட் காலத்தில் 2020ல் இன்புளுவென்சா இங்கே ஏறக்குறைய காணாமலே போனது, ஆனால் ரைனோ வைரஸ் அப்படிப் போகவில்லை, ஹாங்காங்கில் பள்ளிகளைத் திறந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகளிடையே அது கிளம்பிவிட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சளி பிடித்தவர் முகக்கவசம் போடுவது, ஏர்கானை நிறுத்திச் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது, இவை குறைக்கும். முழுக்கத் தடுக்காது.

இப்போது ரசத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த சளி ஆய்வு எக்கிள்ஸ் குழு 2008ல் செய்த சின்ன ஆய்வுதான். 30 பேருக்கு ஒரே பழச்சாறு பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் காற்று போகும் அளவைக் கருவியால் அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்கு ஒழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர், அசதி எல்லாமே உடனே குறைந்ததாகத் தோன்றியது. ஆறியதைக் குடித்தவர்களுக்கு ஒழுகலும் இருமலும் தும்மலும் மட்டும் கொஞ்சம் தேவலை. சூடு என்பதே ஒரு வைத்தியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ரசத்தில் அந்தச் சூட்டோடு புளிப்பும் உப்பும் உறைப்பும் சேர்கின்றன. புளிப்பும் உறைப்பும் எச்சிலையும் மூக்குநீரையும் சுரக்கவைத்துக் கெட்டிப்பட்ட கோழையை இளக்கும், மிளகின் காரம் மூக்கின் நரம்புகளைத் தூண்டித் தண்ணீராக ஒழுகவிடும், உப்பும் தண்ணீரும் உடம்பு இழந்ததை ஈடுகட்டும். நோயாளிக்குப் பசி எடுக்காத நேரத்தில் அது ஒரு சாப்பாடும்கூட. நண்டு ரசம், கோழி ரசம், ஆட்டுக்கால் சூப் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மிளகு எத்தனை, திப்பிலி சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு மாறுபடும், அதைப் பற்றிச் சண்டை வேண்டாம், சூடாக இருக்கட்டும், அவர்களுக்குப் பிடித்த ருசியில் இருக்கட்டும். வயிற்றில் புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்களுக்கு மட்டும் காரத்தைக் குறையுங்கள்.

வேலைக்கு நடுவில் ரசம் வைக்க முடியாதவர்களுக்கு உணவங்காடி நிலையத்தில் கிடைக்கும் தே ஹாலியா, அதாவது இஞ்சித் தேநீர் இருக்கிறதே, அதுவும் நல்லதுதான், சீனியைக் குறைத்துப் போடச் சொன்னால் போதும். சுக்குக் காபியும் இந்த வரிசைதான். மஞ்சள் பாலைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் சரியாகச் சேர்வதே இல்லை, மிளகு சேர்த்தால் கொஞ்சம் கூடும், அப்படியும் அது சளியை விரட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இரவில் சூடான பால் தொண்டைக்கு இதம், தூக்கத்துக்கு நல்லது, அந்த அளவில் குடிக்கலாம். ‘பால் குடித்தால் சளி கட்டும்’ என்று நேர் எதிராகச் சொல்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 60 பேருக்கு ரைனோ வைரஸைத் தொற்றவைத்து, அவர்கள் குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியின் எடையையும் தினமும் குறித்துப் பார்த்தார்கள், பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் பிசுபிசுப்பாக நிற்பதைத்தான் நாம் சளி என்று எண்ணிக்கொள்கிறோம். தயிர், வாழைப்பழம், இளநீர் என்று பிள்ளைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, கடைசியில் அது எதுவுமே சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பதைவிட, இறங்குவதைச் சாப்பிடவிடுவது மேல்.

ஆவி பிடிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சூடான ஈரக்காற்று மூக்குக்குள் போகும்போது கோழை இளகும், அந்தச் சில நிமிடங்கள் சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஆவி பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான பலன் என்று ஒன்றும் தெரியவில்லை. உறுதியாகத் தெரிவது தீப்புண்தான். கொதிக்கிற பாத்திரத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, போர்வையை மூடிக்கொண்டு, மடியில் பிள்ளையையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் எத்தனையோ பிள்ளைகளைத் தீக்காயப் பிரிவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது, இது பல நாடுகளில் மருத்துவர்கள் எழுதிவைத்த விஷயம். பெரியவர்கள் வேண்டுமானால் மேசைமேல் அகலமான, கவிழாத பாத்திரத்தில், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றுப் பொறுத்துப் பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு ஆவியே வேண்டாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, நீங்கள் பக்கத்திலேயே இருந்து, அந்த ஈரக்காற்றில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அதே இதம் கிடைக்கும். நொச்சியும், நடைபாதைத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியும் போட்டால் வாசனை சேரும்.

வாசனை என்றதும் கோடாலித் தைலம். 1928ல் சிங்கப்பூரில் தொடங்கிய லியுங் காய் ஃபூக் நிறுவனத்தின் தைலம் அது, இங்கிருந்து ஊருக்குப் போகும் எந்தத் தமிழரின் பெட்டியிலும் சொந்தக்காரர்களுக்கென்று அரை டஜன் இருக்கும். புலித் தைலம் ரங்கூனிலிருந்து 1920களில் இங்கே வந்தது. இரண்டிலும் மெந்தால் இருக்கிறது, மூக்கடைப்புக்கு மெந்தால் செய்வது ஆச்சரியமான வேலை. அது அடைப்பைத் திறப்பதே இல்லை. மூக்குக்குள் குளிர்ந்த காற்றை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது, மூளை அதைக் காற்று தாராளமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. கருவியில் அளந்தால் அடைப்பு அப்படியே இருக்கும், ஆனால் மூச்சுத்திணறலாகத் தோன்றிய உணர்வு போய்விடும், ஆள் தூங்கிவிடுவார். தூக்கம் கிடைத்தால் அதுவே பெரிது. மார்பிலும் முதுகிலும் கொஞ்சமாகத் தடவுங்கள், மூக்கு ஓட்டைக்குள் தடவ வேண்டாம், வெந்நீரில் கலந்து குடிக்கவே வேண்டாம், தைலத்தில் இருக்கும் கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைக்கு வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தைலமே கூடாது. இன்னொன்று, இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறைபாடு) இருக்கிறதா என்று 1965லிருந்து பிறந்தவுடனேயே சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் குழந்தைக்கு அது இருந்தால் தைலமோ நாட்டு மருந்தோ எதுவானாலும் டாக்டரைக் கேட்ட பிறகுதான், பாட்டி எவ்வளவு ஆசையோடு எடுத்துக்கொண்டு வந்தாலும்.

எல்லாரும் சாதாரணமாக நினைக்கும் உப்புத்தண்ணீருக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு மூன்று நான்கு முறை தொண்டையில் கொப்பளித்துத் துப்ப வேண்டும். எடின்பரோவில் 2019ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், உப்புநீரால் மூக்கையும் அலசித் தொண்டையையும் கொப்பளித்தவர்களுக்குச் சளி ஏறக்குறைய இரண்டு நாள் குறைவாக இருந்தது. 66 பேரை மட்டும் வைத்துச் செய்தது, அதனால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் செலவில்லாதது, ஆபத்தில்லாதது. மூக்கை அலசும்போது ஒரு கவனம் வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்க நல்லதுதான், மூக்குக்குள் விடக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். மருந்துக்கடையில் அளந்து அடைத்த உப்புப் பொட்டலத்தோடு அலசும் புட்டி கிடைக்கிறது, அது இன்னும் சுலபம். கைக்குழந்தைக்கு இரண்டு சொட்டு உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுத்தால் பால் குடிக்கத் திணறாது.

இருமலுக்குத் தேன். பிள்ளைகளின் இரவு இருமலில் தேன் உதவுவதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2007ல் அமெரிக்காவில் 105 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், படுக்கும் முன் கொடுத்த ஒரு வாய்த் தேன் இருமல் மருந்துக்கு எந்த விதத்திலும் குறையவில்லை, ஒன்றும் கொடுக்காததைவிட நன்றாகவே இருந்தது. ஒரு வயதுக்குக் கீழே மட்டும் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது, நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பமாக இருந்தாலும். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்பைச் செயலிழக்கவைக்கும் நஞ்சைச் சுரக்கும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் தேனையும் பனங்கற்கண்டையும் ‘இயற்கைதானே’ என்று அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம், சளி இருக்கும்போது சர்க்கரை தானாகவே ஏறும்.

வைட்டமின் சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோபெல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970ல் அதற்காக வாதாடியதிலிருந்து உலகமே விழுங்குகிறது. தினமும் எடுப்பவர்களுக்குச் சளி வருவது குறையவில்லை, வந்தால் பெரியவர்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் போகிறது, அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள். சளி பிடித்த பிறகு தொடங்கினால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. தேக்கா சந்தையில் நெல்லிக்காய் வாங்கிச் சாப்பிடுங்கள், நுரைக்கும் மாத்திரைக்குச் செலவிட வேண்டாம்.

தூக்கத்தை யாரும் வைத்தியம் என்று நினைப்பதில்லை. 2015ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டிய கருவியால் அளந்துவிட்டு மூக்கில் ரைனோ வைரஸைச் சொட்டுவிட்டார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். இந்த ஊரில் எத்தனை பேர் 7 மணி நேரம் தூங்குகிறோம்? தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அதைவிடக் கவலை, வெளிநாட்டு ஊழியர்களுக்கான தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் தம்பிகளை நினைத்தால். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு படுக்கை, ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும், விடியுமுன்னே லாரி வந்து நிற்கும், ரசம் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. ஒரு பிளாஸ்கில் சூடான தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு, தலைக்கு இன்னொரு தலையணை, இவற்றாலேயே இரவு நன்றாகக் கழியும். சளி மாத்திரை வாங்கும்போது தூக்கம் வருமா என்று கேளுங்கள், குளோர்ஃபெனிரமின் போன்றவை வரவைக்கும், அதைப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறுவதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதும் உயிருக்கே ஆபத்து. பனடாலில் இருக்கும் பாரசிட்டமால் பல சளி மாத்திரைகளிலும் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் எந்தக் கணக்கிலும் போகக் கூடாது, கல்லீரல் தாங்காது. காய்ச்சலோடு வெயிலில் நிற்க வேண்டாம், டாக்டரைப் பார்த்து எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்குங்கள். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி மூன்று மாதம் வேலை செய்ததிலிருந்தே சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உரிமை தொடங்குகிறது, ஆறு மாதம் முடிந்தால் வருடத்துக்கு 14 நாள். அது உங்கள் உரிமை.

வீட்டில் பெரியவர்கள் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் மூக்கடைப்பு மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சூடோஎஃபெட்ரின் உள்ளவை அழுத்தத்தை ஏற்றும். மூக்கடைப்புக்கென்று மூக்கில் அடிக்கும் மருந்து ஸ்பிரே உடனே திறந்துவிடும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் நிறுத்தியவுடன் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

எல்லாவற்றையும் சளி என்று எண்ணி வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது. திடீரென்று கடுங்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி என்றால் அது இன்புளுவென்சாவாக இருக்கலாம். இங்கே வருட நடுவிலும் வருடக் கடைசியிலும் அது கூடும், 65 வயதைத் தாண்டியவர்கள் வருடாவருடம் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கடுங்காய்ச்சல் இருந்து மூக்கு ஒழுகவே இல்லை, கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் இந்த ஊரில் டெங்கியை நினைக்க வேண்டும், அப்போது ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் தொடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுக்கிறது, ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு தொடங்குகிறது, நன்றாகிக்கொண்டிருந்தது திரும்ப மோசமாகிறது, காது வலிக்கிறது, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டுகிறது, இவற்றில் எதற்கும் கஷாயம் போதாது. சளி போய் இருமல் மட்டும் நிற்கிறது என்றால் மூன்று வாரம் வரை தேனும் உப்புத்தண்ணீரும் போதும். அதைத் தாண்டினால் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள், காசநோய் இந்த ஊரைவிட்டு முழுக்கப் போய்விடவில்லை, அதைக் கண்டுபிடிக்க மார்பு எக்ஸ்ரேயும் கோழைப் பரிசோதனையும் தேவைப்படும்.